போலீசுக்குத் தெரிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? சீட்டு ஆட்டம் ஒன்றை ஜிடிஎல்-3இல் எழுதிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. கணினித் துறை இறுதியாண்டு மாணவர்கள் மூவர் தங்கள் புராஜெக்டுக்கு ஜிடிஎல் என்ற ஆட்ட விவரிப்பு மொழியை எடுத்துக்கொண்டார்கள். எந்த ஆட்டத்தின் விதிகளைக் கொடுத்தாலும் அதைப் படித்துத் தானே ஆடும் நிரல்களுக்காக ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஜெனிசரெத் குழு உருவாக்கிய மொழி அது. அத்தகைய நிரல்களுக்கான முதல் போட்டி 2005இல் நடந்தது. ஆடுபவர் யார், தொடக்க நிலை என்ன, எந்த நகர்வு செல்லும், நகர்ந்தால் அடுத்த நிலை என்ன, ஆட்டம் எப்போது முடியும், யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதையெல்லாம் தர்க்க விதிகளாக எழுதுவதற்கு அதில் ஒரு சில சொற்களே போதும்.

முதல் ஜிடிஎல்லில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒருவர் நகர்ந்தால் மற்றவர்களுக்குத் தகவல் தானாகப் போய்விடும். சீட்டை மறைத்து ஆடும் ஆட்டத்துக்கு அது உதவாது. மைக்கேல் டீல்ஷர் 2010இல் ஜிடிஎல்-2 என்று விரித்தபோது இரண்டு சொற்களைச் சேர்த்தார். ‘ராண்டம்’ என்பது குலுக்கிப்போடும் ஆள். ‘சீஸ்’ என்பது இன்னாருக்கு இன்னது தெரியவரும் என்று சொல்லும் விதி. அதிலும் ஒரு குறை இருந்தது. ஆடுபவருக்குள் அறிவு உருவாகும், ஆனால் விதியால் அந்த அறிவைச் சுட்ட முடியாது. 2017இல் அவரே முன்வைத்த ஜிடிஎல்-3 ‘நோஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தது. ஒருவருக்கு ஒன்று தெரியும் என்பதையே இப்போது நகர்வுக்கோ முடிவுக்கோ நிபந்தனையாக வைக்கலாம்.

மாணவர்கள் எடுத்த ஆட்டம் எல்லாரும் சின்ன வயதில் ஆடியதுதான்: ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, குலுக்கிப்போட்டு எடுப்பது. வீட்டுக்கு வீடு விதி மாறும். பொதுவாக, போலீஸ் சீட்டு வந்தவர் திருடனைச் சுட்டிக்காட்ட வேண்டும். நால்வர் ஆடினால் போலீஸ் போக மூவர், கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு. ஜிடிஎல்-2இல் எழுதினால் இந்தக் குருட்டு வெற்றியையும் வெற்றியாகத்தான் எண்ண வேண்டியிருக்கும். கைகாட்டுவதையே எடுத்துவிட்டு, ‘போலீசுக்குத் திருடன் யார் என்று தெரிந்தால் ஆட்டம் முடிந்தது’ என்று எழுதலாம் என்பதால்தான் ஜிடிஎல்-3.

ஆட்டத்தின் முதல் வடிவம்

எண்ணிக்கை குறையட்டும் என்று ராணியை எடுத்துவிட்டார்கள். நான்கு இருக்கை: கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. ராண்டம் ஒரே நகர்வில் சீட்டைப் பிரிக்கும், 24 விதமாகப் பிரிக்கலாம். போலீஸ் தன் சீட்டை எல்லார் முன்னும் திறப்பார். பிறகு ‘திருடன் யார் என்று தெரியுமா?’ என்ற கேள்விக்கு மற்ற மூவரும் ஒரே நேரத்தில் தெரியும் அல்லது தெரியாது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். அதிலும் போலீசுக்குப் பிடிபடாவிட்டால் அவர் ஒருவரிடம் இன்னொருவரைக் காட்டி, ‘உன் சீட்டை அவருக்கு மட்டும் காட்டு’ என்பார். காட்டிய பின் மீண்டும் அதே கேள்வி.

நிரலில் ஒவ்வொரு நிலைக்குமான தர்க்கத்தை, விதிகளைக் கொடுத்தால் விடை கண்டுதரும் கிளிங்கோ என்ற மென்பொருள் கணக்கிட்டது. எந்த ஆட்டம் எந்த வழியாக வந்தது என்ற கணக்கைப் பைத்தான் மொழியில் எழுதிய பகுதி வைத்துக்கொண்டது. ‘நோஸ்’ என்பதன் பொருள் இந்த மொழியில் கறாரானது. ஒருவர் செய்த நகர்வுகளும் அவருக்குத் தெரியவந்தவையும் அப்படியே ஒத்துப்போகிற அத்தனை ஆட்டப்போக்குகளையும் எடு. அவை எல்லாவற்றிலும் அந்தச் செய்தி மெய்யானால் மட்டுமே அவருக்கு அது ‘தெரியும்’. ஊகம், சந்தேகம், முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது எதுவும் கணக்கில் வராது.

முதல் பிழை: சீட்டு பிரித்ததும் முடிந்த ஆட்டம்

முதல் ஓட்டத்தில் 24 ஆட்டமும் சீட்டு பிரித்த அடுத்த படியிலேயே முடிந்தன. போலீஸ் இன்னும் சீட்டைத் திறக்கக்கூட இல்லை. விதி இப்படி இருந்தது (சொற்கள் ஒலிபெயர்ப்பில்; ⇐ என்றால் ‘வலப்பக்கம் மெய்யானால் இடப்பக்கமும் மெய்’, ∧ என்றால் ‘மற்றும்’, ?ப, ?அ போன்றவை மாறிகள், டெர்மினல் என்றால் ‘ஆட்டம் முடிந்தது’, ட்ரூ என்றால் ‘இப்போதைய நிலையில் மெய்’):

டெர்மினல் ⇐ ட்ரூ(கையில்(?ப, போலீஸ்)) ∧ நோஸ்(?ப, கண்டுபிடிப்பு)
கண்டுபிடிப்பு ⇐ ட்ரூ(கையில்(?அ, திருடன்))

இரண்டாவது வரி சொல்வது ‘யாரோ ஒருவர் கையில் திருடன் சீட்டு இருக்கிறது’ என்பது மட்டுமே. அது 24 பிரிப்பிலும் மெய். ஆகவே போலீசுக்கு அது தெரியும்தான். ‘திருடன் ஒருவன் இருக்கிறான் என்று தெரியும்’ என்பதும் ‘இன்னார்தான் திருடன் என்று தெரியும்’ என்பதும் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிடும், விதியில் கலக்கக் கூடாது. ‘யார்’ என்பதற்கான மாறி ‘நோஸ்’ என்பதற்கு வெளியே நிற்க வேண்டும்:

டெர்மினல் ⇐ ட்ரூ(கையில்(?ப, போலீஸ்)) ∧ ரோல்(?அ) ∧ நோஸ்(?ப, திருடன்(?அ))
திருடன்(?அ) ⇐ ட்ரூ(கையில்(?அ, திருடன்))

ரோல்(?அ) என்பது ?அ ஆடுபவர்களில் ஒருவர் என்று சொல்கிறது, மாறி எதன்மீது ஓடுகிறது என்பது அதனால் தெளிவாகிறது.

இரண்டாவது பிழை: முடியாத ஆட்டம்

திருத்திய பிறகு நேர் எதிரான தொல்லை. மாலையில் ஓடவிட்ட நிரல் காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது, மடிக்கணினியின் நினைவகம் நிரம்பி நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் யார் யாருக்குக் காட்டுவது என்பதில் 6 தேர்வு. 24, 144, 864, 5184 என்று ஏறி ஆறாவது காட்டலில் 11,19,744 போக்குகள். இவற்றில் எதிலும் போலீசுக்கு எதுவும் தெரியவில்லை.

காரணம் எழுதப்படாத ஒரு வரி. சீட்டு பிரித்ததற்கும் போலீஸ் திறந்ததற்கும் ஒருவர் இன்னொருவருக்குக் காட்டியதற்கும் ‘சீஸ்’ விதி இருந்தது. மூவர் சொன்ன பதிலுக்கு இல்லை. ‘பார்ப்பது’ என்ற சொல்லைப் பார்த்து, கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் விதி எழுதினார்கள். காதில் விழுவது விட்டுப்போயிற்று. முதல் ஜிடிஎல்லில் பழகிய கைக்கு இது எளிதில் நேரும். அங்கே நகர்வுகள் தாமாகவே எல்லாருக்கும் தெரியும், ஜிடிஎல்-2 முதல் எழுதாதது யாருக்கும் தெரியாது. விடுபட்ட வரி இதுதான் (டஸ் என்றால் ‘இன்னார் இந்த நகர்வைச் செய்கிறார்’):

சீஸ்(?ப, சொன்னது(?அ, ?வ)) ⇐ ரோல்(?ப) ∧ டஸ்(?அ, சொல்(?வ))

கூடவே படிகளை எண்ணும் விதி ஒன்றும் சேர்ந்தது: மூன்று காட்டலுக்கு மேல் இல்லை. ஒழுங்கான ஜிடிஎல் ஆட்டம் எப்படி ஆடினாலும் ஒரு கட்டத்தில் முடிந்தாக வேண்டும் என்பது மொழியின் அடிப்படைத் தேவை. அதை முதல் நாளே வைத்திருந்தால் இரவு வீணாகியிருக்காது.

இன்னொரு நுணுக்கமும் இங்கே சரிசெய்யப்பட்டது. ‘சீஸ்’ தரும் தகவல் நகர்வு முடிந்து அடுத்த நிலைக்குப் போகும்போதுதான் கைக்கு வரும். காட்டுவதும் பதில் சொல்வதும் ஒரே படியில் இருந்தால், இப்போதுதான் சீட்டைப் பார்த்தவர் பழைய அறிவோடு ‘தெரியாது’ என்பார். எனவே காட்டும் கட்டம் தனி, சொல்லும் கட்டம் தனி.

வெற்றி என்று நினைத்தது

இப்போது 24 ஆட்டமும் முதல் கேள்வியிலேயே முடிந்தன. 24இலும் போலீசுக்குச் சரியான திருடன் தெரிந்தது. இரண்டு வாரத் தொல்லைக்குப் பிறகு நிரல் ஓடிய நிம்மதியில் குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது, வழிகாட்டியிடமும் காட்டியது. அவரும் விடை சரியாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். காட்டும் நகர்வு ஒருமுறைகூடப் பயன்படவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த நகர்வுக்காகத்தான் பாதி விதிகள் எழுதப்பட்டிருந்தன.

ஏற்காட்டில் நடந்தது

குழுவில் ஒருவரின் ஊர் ஏற்காடு. காப்பித் தோட்டப் பகுதியில் நடக்கும் ஒரு மாலை டியூஷனில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்து, எழுதிய விதிப்படியே நிஜச் சீட்டில் ஆடிப்பார்ப்பது திட்டம். அறிக்கையில் போடப் படம் வேண்டும் என்பதும் ஒரு காரணம். கீழே சேலத்திலிருந்து பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடை செட் வாங்கிப் போயிருந்தார்கள்.

விதியைச் சொல்லி முடிக்கும் முன்பே ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள். “அண்ணா, திருடன் சீட்டு வந்தவன் மட்டும்தானே தெரியும்னு சொல்லுவான்? மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?”

கேள்வி அவ்வளவுதான். கிழக்கில் ராஜா, மேற்கில் திருடன், வடக்கில் மந்திரி, தெற்கில் போலீஸ் என்று வைத்துக்கொள்வோம். தெற்கு திறந்த பிறகு கிழக்குக்கு இரண்டு வாய்ப்புகள்: திருடன் மேற்கு அல்லது வடக்கு. வடக்குக்கும் இரண்டு. மேற்குக்குத் தன் கையிலிருப்பதே திருடன் சீட்டு, திருடன் யார் என்று சந்தேகமே இல்லை. உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்ற விதியில் ‘தெரியும்’ என்று வாய் திறப்பவர் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறார். நிரல் இதைத்தான் 24 முறையும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. விதிகளும் நிரலும் சரி, ஆட்டம்தான் ஆட்டமாக இல்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. மேற்கொண்டு சும்மா ஆடட்டும் என்று விட்டபோது, ஒரு பையன் போலீஸாக வந்த ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் திருடனைக் காட்டினான். சீட்டுகளை எடுத்துப் பார்த்தபோது திருடன் சீட்டின் ஓரத்தில் பீட்ரூட் துருவலின் சாயம், பாக்கு நிறத்தில் ஒரு விரல் நுனி அளவு. மடித்தாலும் வெளியே தெரியும் இடம். ஆட்டத்தில் இல்லாத ஒரு ‘சீஸ்’ விதி அது. குழு பின்னர் அதையும் எழுதிப் பார்த்தது:

சீஸ்(?ப, கறை(?அ)) ⇐ ரோல்(?ப) ∧ ட்ரூ(கையில்(?அ, திருடன்))

இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் கேள்வியே தேவைப்படாமல் 24 ஆட்டமும் முடிந்தன. பையனின் கணக்கும் நிரலின் கணக்கும் ஒன்றுதான்.

மூன்று வழிகளும் தேர்ந்த வழியும்

சேலம் திரும்பியதும் வழிகாட்டியுடன் பேசி மூன்று வழிகள் எடுத்துப் பார்க்கப்பட்டன.

கேள்வியை எடுத்துவிட்டுக் காட்டலை மட்டும் வைப்பது முதலில் கழிந்தது. யார் யாருடைய சீட்டைப் பார்த்தார் என்பது மட்டும் போலீசுக்குத் தெரியும், என்ன பார்த்தார் என்பது தெரியாது. எத்தனை முறை காட்டினாலும் அவருக்கு 6 வாய்ப்பு 6ஆகவே இருக்கும்.

கேள்வியை மாற்றி, ‘மற்ற இருவரிடமும் என்ன சீட்டு என்று தெரியுமா?’ என்று கேட்பது இரண்டாவது. இது காகிதத்தில் நன்றாகத் தெரிந்தது. நிரலில் போட்டால், தொடக்கத்தில் மூவரும் தெரியாது என்கிறார்கள். காட்டிய பின் பார்த்தவர் மட்டும் தெரியும் என்கிறார், அவர் ராஜாவானாலும் திருடனானாலும் பதில் ஒன்றே. போலீசுக்கு மிச்சம் எதுவுமில்லை. முதல் கேள்வி எல்லாவற்றையும் கொட்டிவிட்டது, இந்தக் கேள்வி ஒன்றையும் தரவில்லை.

மூன்றாவது, திருடன் மட்டும் பொய் சொல்லலாம் என்பது. ஏற்கெனவே அவருக்குத் ‘தெரியும்’ செல்லும் நகர்வு. கூடுதலாக ஒரே விதி (லீகல் என்றால் ‘இந்த நகர்வு செல்லும்’):

லீகல்(?ப, சொல்(தெரியாது)) ⇐ ட்ரூ(கட்டம்(சொல்லும்)) ∧ ட்ரூ(கையில்(?ப, திருடன்))

இதையே தேர்ந்தார்கள். மற்ற விதிகளைத் தொடவேண்டியதில்லை, பிள்ளைகள் வீட்டில் ஆடும் விதத்துக்கும் இது நெருக்கம். திருடன் உண்மை பேசுவான் என்று எந்த வீட்டிலும் விதி கிடையாது.

பிறகு கிடைத்த முடிவுகள்

இப்போது ஒவ்வொரு கேள்வியிலும் திருடனுக்கு இரண்டு வழி, அதில் சரியாக ஒன்று பாதுகாப்பானது. இதுவரை யார் சீட்டையும் பார்க்காதவர் என்றால் ‘தெரியாது’, ஒருமுறையாவது பார்த்தவர் என்றால் ‘தெரியும்’. அதாவது தன் இடத்தில் ஒரு நல்லவர் இருந்தால் என்ன சொல்வாரோ அது. மாற்றிச் சொன்னால் எல்லாருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிடும். முதல் கேள்விக்கு 48 போக்குகள், அதில் 24 முடிந்துபோகும். முதல் காட்டலுக்குப் பின் 288, எஞ்சுவது 144. இரண்டாவதில் 1728, எஞ்சுவது 864. மூன்றாவதில் 10,368, பிடிபடாமல் எல்லையைத் தொடுவது 5184. கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும் திருடன் நான்கு கேள்வியையும் தாண்டும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. விவரமான திருடன் ஒருபோதும் பிடிபடமாட்டான்.

இங்கே குழுவுக்குள் ஒரு வாக்குவாதம். “திருடன் புத்திசாலி என்று போலீசுக்குத் தெரியாதா? அதை வைத்து ஏன் ஊகிக்கக் கூடாது?” என்று ஒருவர் கேட்டார். கூடாது என்பதே மொழியின் நிலை. ‘நோஸ்’ விதியிலிருந்தும் தெரியவந்ததிலிருந்தும் மட்டுமே பிறக்கும். எதிராளி நன்றாக ஆடுவான் என்ற நம்பிக்கை ஆடும் நிரலின் வேலை, ஆட்டத்தின் விவரிப்பில் அதற்கு இடமில்லை. இந்தக் கோட்டை அழித்தால் ஒரே ஆட்டம் ஆளுக்கொரு இடத்தில் முடியும்.

வேகத்தில் ஒரு மாற்றம் பெரிய பலன் தந்தது. முதலில் ஒவ்வொரு போக்கையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டார்கள். 10,368 போக்குக்கு அது 10 கோடிக்கு மேற்பட்ட ஒப்பீடு, அதுவும் ஆளுக்கு ஒருமுறை. பிறகு ஒருவரின் நகர்வுகளையும் அவருக்குத் தெரியவந்தவற்றையும் ஒரே சாவியாகக் கோத்து, பைத்தான் டிக்‌ஷனரியில் அந்தச் சாவியின் கீழ் போக்குகளைச் சேர்த்தார்கள். ஒரே முறை நடந்து முடிந்தால் போதும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விதி எழுதும் முன்பே ஒரு வாய்ப்பு அட்டவணையைக் கையால் எழுதியிருக்க வேண்டும். சீட்டு பிரித்ததும் நால்வருக்கும் தலைக்கு 6, போலீஸ் திறந்ததும் போலீசுக்கு 6, மற்றவர்க்கு 2. ஒருவர் சீட்டைப் பார்த்ததும் அவருக்கு 1, மற்றவர்க்கு மாற்றமில்லை. ஒவ்வொரு படியிலும் நிரலின் எண்ணை இதோடு ஒப்பிட்டால் விடுபட்ட ‘சீஸ்’ வரி ஐந்து நிமிடத்தில் மாட்டியிருக்கும். ராண்டமுக்கு எப்போதும் 1, பிரித்ததே அது என்பதால். அதனால்தான் ‘யாருக்கோ தெரியும்’ என்று எழுதும்போது ரோல் என்று மட்டும் போடக் கூடாது. ராண்டமும் அதில் அடங்கிவிடும், விதி எப்போதும் மெய்யாகும்.

ஒருமுறைகூட ஆடப்படாத நகர்வு உண்டா என்று தேடும் சிறு சோதனை இப்போது நிரலில் சேர்ந்துவிட்டது. சீட்டுகள் ஒரே நோட்டுத் தாளில் வெட்டி, இருமுறை மடித்து, தின்பண்டம் வருமுன் ஆட வேண்டும் என்பதும் அறிக்கையின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாக ஏறியது. வழிகாட்டி அதை அடிக்கவில்லை.

மிச்சமிருந்தது ராணி. ஏற்காட்டுப் பிள்ளைகள் அன்று முழுக்கக் கேட்டது அதுதான்: “ராணி இல்லாம எப்படிண்ணா?” எண்ணிக்கையைக் குறைக்க எடுத்த அந்தச் சீட்டுதான் ஆட்டத்தைக் கெடுத்திருந்தது. நால்வர் ஆட்டத்தில் ஒரு சீட்டைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும், ஆகவே பார்த்தவரின் பதிலில் செய்தி இல்லை. ஐவராக்கினால் பிரிப்பு 120. போலீஸ் திறந்த பின் அவருக்கு 24 வாய்ப்பு, மற்றவர்க்கு 6. கிழக்கு மேற்கின் சீட்டைப் பார்த்து ‘தெரியாது’ என்றால் மேற்கு திருடனில்லை. மேற்கு திருடனாக இருந்திருந்தால் கிழக்கு நல்லவர், உண்மையைச் சொல்லியாக வேண்டும். கிழக்கு ‘தெரியும்’ என்றால் இருவரில் ஒருவர் திருடன். முதல் காட்டலுக்குப் பின் 2880 போக்குகள். விவரமான திருடன் எப்படி ஆடினாலும் அந்த ஒரு காட்டலில் சந்தேகப் பட்டியல் நால்வரிலிருந்து மூவராகவோ இருவராகவோ குறைகிறது. தேர்வுக்கு முன் ஒப்படைத்த வடிவம் இந்த ஐந்து சீட்டு ஆட்டம்தான்.